ஒடுக்கு எடுக்கும் சாஸ்திரம்

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டு வரை தயாரித்துவந்த அம்பாஸடர் கார், இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருப்பதற்கு, பழுது பார்த்துப் பார்த்து உபயோகிக்க இடங்கொடுக்கும் அதன் எஃகு உடலும் ஒரு காரணமாகும். அத்தகைய காரின் மட்கார்டு சந்துமுனைத் தூணில் இடித்து உள்ளங்கையகல ஒடுக்கு விழுந்துவிட்டால், சொந்தக்காரரே பொறுமையுடன் அதை எடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சுத்தியலைத் தொடுமுன், தகட்டுக்கு நேர்ந்தது என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம்.

எஃகை ஓர் எல்லைக்குள் வளைத்தால், விட்டவுடன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். எல்லை கடந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். கார்த் தகடுகளுக்கான மென் எஃகில் அந்த எல்லை மிகக் குறுகியது: ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் மீளும், அதற்கு மேல் மீளாது. படிகங்களில் அணுக்களின் அடுக்கு பிசகியிருக்கும் இடங்கள் நகர்வதே உலோகத்தின் நிரந்தர வளைவுக்குக் காரணம் என்று 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியே விளக்கினர். இந்தப் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதனால், வளைந்த இடம் முன்னிலும் கடினமாகிவிடுகிறது.

இதை மனத்தில் கொண்டு, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒடுக்கை உற்றுப் பாருங்கள். நடுவே ஆழமில்லாத ஒரு குழியும், அதைச் சுற்றி விளிம்புகட்டினாற்போல் ஒரு மேடும் தெரியும். கண்ணுக்குத் தப்பும் மேடும் துணி சுற்றிய உள்ளங்கைக்குத் தப்பாது. குழியின் பெரும்பகுதி உண்மையில் கெட்டுப்போகவில்லை. மீள்வதற்கு ஆயத்தமாக இருக்கும் அதனை, நிரந்தரமாக மடிந்துபோன அந்த மேடுதான் பிடித்துவைத்திருக்கிறது. ஆகவே, உள்ளிருந்து குழியின் நடுவில் ஓங்கி அடிப்பது, எல்லோருக்கும் முதலில் தோன்றுவதாயினும், பெருந்தவறு. அவ்வாறு அடித்தால் தகடு நீண்டு மெலிந்து, அழுத்தினால் உள்ளே போய், விட்டால் வெளியே வந்து ‘டொக் டொக்’ என்று சப்திக்கத் தொடங்கிவிடும்.

பட்டறைக்காரர்கள் டாலி என்று சொல்லும் வழவழப்பான இரும்புக் கட்டையை, சக்கரக் குழிவின் வழியே கையை நுழைத்துக் குழியின் அடியில் முட்டுக்கொடுத்து, வெளிப்புறத்து மேட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். கடைசியில் மடிந்த விளிம்பிலிருந்து தொடங்கி, மோதிய இடத்தை நோக்கி வருவதே முறை. மேடு தணியத் தணியக் குழி தானாகவே எழும்பிவரும். கட்டைக்கு நேர்மேலே அடிப்பது தகட்டை நசுக்கி விரிக்குமாதலால், அதைக் கடைசிச் சிறு நெளிவுகளுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். வெந்நீர் ஊற்றி ஒடுக்கெடுக்கும் உபாயம் உஷ்ணத்தில் இளகும் பிளாஸ்டிக் பம்பருக்கே பொருந்தும். கொதிநீரின் வெப்பம் எஃகை இளக்கப் போதாது.

தட்டி முடித்தபின் பூசும் பட்டி, எஞ்சிய சிறு குறையை மறைக்கவே. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் அதை அப்பக் கூடாது. பாலியெஸ்டர் பட்டியில் கலக்கும் ஹார்டனரின் அளவு எடையில் சுமார் 2 சதவீதம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால், அதிலுள்ள பெராக்சைடு மிஞ்சிப் பிற்பாடு பெயின்டின் நிறத்தைக் கெடுக்கும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி அணிவது கட்டாயம். ஒடுக்கு கூரையைத் தாங்கும் தூணிலோ, பற்றவைத்த இணைப்பிலோ விழுந்திருந்தால், தயங்காமல் டிங்கரிடம் விட்டுவிடுங்கள்.

பெயின்ட் போன தகட்டில் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்து துரு உண்டாக்குவதற்கு, நம் கடற்கரை ஊர்களில் ஓரிரவு போதும். ஆதலால் தேய்த்த அன்றே பிரைமர் பூசிவிடுங்கள். கட்டை பட்டுப் பெயின்ட் வெடித்திருக்கும் உட்புறத்துக்கும் சேர்த்தே பூசுங்கள்.