லினக்ஸ் பொதிகளின் தானியங்கிச் சோதனை

லினக்ஸ் பொதிகளின் தானியங்கிச் சோதனை என்பது, ஒரு லினக்ஸ் வழங்கலில் நிறுவப்பட்ட மென்பொருட் பொதி எதிர்பார்த்தபடி இயங்குகிறதா என்பதை மனிதத் தலையீடு இன்றிக் கணினியே சரிபார்க்கும் முறை ஆகும். டெபியன் வழங்கலிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு முதலியவற்றிலும் இதற்கு ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்னும் கருவி பயன்படுகிறது. இதனை 2006 இல் உபுண்டுவுக்காக இயன் ஜாக்சன் எழுதத் தொடங்கினார். சோதனைகளை எவ்வாறு எழுதி வைக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் டெபியன் ஆவணம் டெப்-8 எனப்படுகிறது.

2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13 இல் 69,830 பொதிகள் உள்ளன. இத்தனையையும் கையால் சோதிப்பது இயலாத செயல். மேலும் பெரும்பாலான பொதிகளைப் பேணுவோர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். "மே" என்னும் எழுத்தில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றாலும் அவர்கள் கண்ணில் அது பிழையாகப் படாது. 2000களின் தொடக்கத்தில் லினக்ஸ் கணினிகளில் தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

தமிழ்நாட்டுப் பின்னணி

டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளியானது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸ் இயங்குதளத்துடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்ட கணினிகள் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. இதன் வழியாக மதுரை நகரிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி போன்ற சுற்றுவட்டாரங்களிலும் பல வீடுகளுக்குள் டெபியன் வழிவந்த ஓர் இயங்குதளம் நுழைந்தது. அம்மாணவர்களுள் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தனர் என்பது வேறு கேள்வி. டெபியனில் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவில் பிழை இருந்தால், அது கிளை வழங்கல்கள் அனைத்திற்கும் இறங்கிவிடும். மேலே ஓரிடத்தில் திருத்தினால் திருத்தமும் அப்படியே இறங்கும்.

தொகுக்கும் போதான சோதனையும் நிறுவிய பின்னான சோதனையும்

மூல நிரலுடன் வரும் அலகுச் சோதனைகள் பொதுவாகப் பொதி தொகுக்கப்படும் போதே ஓடிவிடுகின்றன. அவை சோதிப்பது தொகுப்பு அடைவில் உள்ள கோப்புகளையே. பயனரின் கணினிக்குப் போய்ச் சேரும் பொதியில் ஒரு தரவுக் கோப்பு விடுபட்டிருந்தாலோ, தேவையான சார்புப் பொதி குறிப்பிடப்படாமல் இருந்தாலோ அச்சோதனைகள் அதனைக் காட்டா. ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட், புதிதாக அமைத்த ஒரு சோதனைக் களத்தில் பொதியைப் பயனர் நிறுவுவது போலவே நிறுவி, அதன் பின்னரே சோதனையை ஓட்டுகிறது.

இங்கே தொடக்கநிலையினர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. சோதனை நிரல் மூல அடைவில் நின்றபடி தொடங்குவதால், பைத்தான் போன்ற மொழிகள் நிறுவிய கூறை விட்டுவிட்டு மூல அடைவில் உள்ள கூறையே எடுத்துக்கொள்ளக்கூடும். சோதனை தேறிவிடும், ஆனால் நிறுவிய பொதி சோதிக்கப்பட்டிருக்காது. இதைத் தவிர்க்க, கருவி ஒதுக்கித் தரும் தற்காலிக அடைவுக்கு முதலில் மாறிக்கொள்ள வேண்டும்.

சோதனையின் அமைப்பு

மூலப் பொதியின் "டெபியன்" அடைவுக்குள் "டெஸ்ட்ஸ்" என்னும் துணை அடைவும், அதனுள் "கன்ட்ரோல்" என்னும் உரைக் கோப்பும் இருக்க வேண்டும். அக்கோப்பில் மூன்று புலங்கள் முதன்மையானவை. "டெஸ்ட்ஸ்" புலம் சோதனை நிரல்களின் பெயர்களைத் தருகிறது. "டிபென்ட்ஸ்" புலம் சோதனைக்குத் தேவையான பொதிகளைக் குறிக்கிறது. இதில் @ குறியை இட்டால் இம்மூலப் பொதியிலிருந்து உருவாகும் எல்லாப் பொதிகளும் என்று பொருள். "ரெஸ்ட்ரிக்சன்ஸ்" புலம் கட்டுப்பாடுகளைக் கூறுகிறது. மேலாளர் உரிமை தேவை, இணைய இணைப்பு தேவை, தனி மெய்நிகர் கணினி தேவை என்பன அவற்றுட் சில.

சோதனை நிரல் எந்த மொழியிலும் இருக்கலாம். அது 0 என்னும் வெளியேற்ற எண்ணுடன் முடிந்தால் தேர்ச்சி. ஆனால் பிழை வெளியீட்டுத் தடத்தில் ஒரு சொல் விழுந்தாலும், வெளியேற்ற எண் 0 ஆக இருந்தாலும், சோதனை தோல்வி என்றே கொள்ளப்படும். வெறும் எச்சரிக்கைச் செய்திகளை அத்தடத்தில் எழுதும் மென்பொருள்களுக்கு, பிழைத்தட வெளியீட்டை அனுமதிக்கும் கட்டுப்பாட்டைக் கேட்டுப் பெறலாம். முழுமையாகச் சோதிக்காமல் நிரல் தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக்கு "மேலோட்டமானது" என்னும் அடையாளம் இட வேண்டும். அத்தகைய சோதனை தேறினாலும் தேர்ச்சியாகக் கணக்கிடப்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

லோகித் தமிழ் போன்ற ஓர் எழுத்துருப் பொதிக்குச் சோதனை எழுதுவதாகக் கொள்வோம். நிறுவிய பின், தமிழை ஆதரிக்கும் எழுத்துருக்களை எஃப்சி-லிஸ்ட் கட்டளையால் பட்டியலிட்டு, அதில் இவ்வெழுத்துருவின் பெயர் உள்ளதா என்று பார்ப்பது முதற்படி. இது பயனுள்ளதே எனினும் எழுத்து சரியாக உருவாகிறதா என்பதைக் காட்டாது. அதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்து வடிவாக்க நிரலகத்துடன் வரும் எச்பி-சேப் கருவி உதவும். எழுத்துருக் கோப்பையும் ஒரு சொல்லையும் கொடுத்தால், எந்தெந்த வடிவங்கள் எவ்வரிசையில் அமையும் என்பதை அது உரையாகவே தரும். படத்தை ஒப்பிட வேண்டியதில்லை.

சோதனைச் சொற்களுக்கு மதுரை மாவட்டத்து ஊர்ப்பெயர்களே போதுமானவை. மேலூர் என்பதில் முதல் வடிவமாக இரட்டைக்கொம்பு வர வேண்டும், மகரம் அதன் பின்னரே. சோழவந்தான் என்பதில் ஓகாரக் குறி சகரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இதே ஓகாரத்தை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமமானவை எனத் தரம் கூறுவதால், இரண்டுக்கும் ஒரே விளைவு வருகிறதா என்பது நல்ல சோதனை. எங்கும் புள்ளி வட்டமோ வெற்றுக் கட்டமோ தோன்றக்கூடாது.

அண்டை மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் சற்றுச் சிக்கலானது. அதன் முதலெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதுகின்றனர், 2005 இல் ஒருங்குறி 4.1 இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதுகின்றனர். திரையில் ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை ஒருங்குறித் தரப்படி சமமானவை அல்ல. எழுத்துருச் சோதனையில் இரண்டையும் சேர்க்கலாம். தேடுபொறிச் சோதனையில் இரண்டும் ஒன்றே எனக் கொண்டால் சோதனை பொய்த்துவிடும்.

உரைக் கருவிகளைச் சோதிக்க "மதுரை" என்னும் சொல் ஏற்றது. படிப்பவருக்கு அதில் 3 எழுத்துகள். ஒருங்குறியில் 5 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். கோப்பில் வரிமுடிவுக் குறி சேர்ந்தால் 16. ஒரு கருவி எதை எண்ணுகிறது என்பதை ஆவணத்தில் பார்த்து, அவ்வெண்ணையே சோதனையில் எதிர்பார்க்க வேண்டும். ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் இயல்பாக மொழி சாராத யுடிஎஃப்-8 சூழலில் ஓடுகிறது. தமிழ்-இந்தியா மொழிச்சூழல் தேவையெனில் எல்லா மொழிச்சூழல்களையும் கொண்ட லொகேல்ஸ்-ஆல் பொதியை "டிபென்ட்ஸ்" புலத்தில் சேர்க்க வேண்டும். இது விடுபட்டால், எழுதியவர் கணினியில் தேறும் சோதனை வேறெங்கும் தேறாது.

இயக்கும் முறை

டெபியன் அல்லது உபுண்டு உள்ள கணினியில் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் பொதியை நிறுவி, சோதிக்க வேண்டிய பொதியின் மூலத்தை இறக்கிக்கொண்டு, அவ்வடைவைக் கருவிக்குக் காட்டினால் போதும். எங்கே ஓட்டுவது என்பதை இரட்டைக் கோட்டுக்குப் பின் குறிப்பிட வேண்டும். "நல்" என்று குறித்தால் சொந்தக் கணினியிலேயே ஓடும். இது விரைவானது, ஆனால் பொதிகளை உண்மையாகவே நிறுவிவிடும். குடும்பத்தில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரே கணினியில் இதனைச் செய்வது அறிவுடைமை ஆகாது. எல்எக்ஸ்சி, பாட்மேன் போன்ற கொள்கலன்களும் கியூஎமு மெய்நிகர் கணினியும் பாதுகாப்பானவை. சோதனை முடிந்ததும் களத்தை எறிந்துவிடலாம். களத்தின் அடிப்படைப் படிமத்தை ஒருமுறை இறக்கிவைத்தால் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதால், இணைய இணைப்பு மெதுவாக உள்ள இடங்களிலும் பணி தடைபடாது.

இறுதியில் ஒவ்வொரு சோதனைக்கும் தேர்ச்சி, தோல்வி, தவிர்ப்பு என ஒரு வரி கிடைக்கும். சோதனை வேண்டுமென்றே ஒருமுறை தோற்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். எதிர்பார்க்கும் வடிவ வரிசையை மாற்றி எழுதிய பின்னும் தேறும் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

பங்களித்தல்

சோதனையைச் சேர்க்கப் பொதியின் பேணுநராக இருக்க வேண்டியதில்லை. டெபியனின் வழு அறிக்கை முறைமையில் ஒரு வேண்டுகோள் அறிக்கை பதிந்து, மாற்றத்தைத் திருத்தக் கோப்பாக இணைக்கலாம். பொதி சால்சா என்னும் டெபியனின் நிரல் களஞ்சியத்தில் இருந்தால் இணைப்பு வேண்டுகோள் அனுப்பலாம். சோதனைத் தரவும் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும். நூல்களிலிருந்து பத்திகளை எடுத்து இடுவது பிற்பாடு சிக்கலாகும், ஊர்ப்பெயர்ப் பட்டியலில் அச்சிக்கல் இல்லை. அறிக்கையில் இச்சொல் தமிழில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தமிழ் தெரியாத பேணுநருக்குப் புரியும்படி இரண்டு வரியில் விளக்குவது, நிரலை விடவும் முக்கியமானது எனலாம்.

சோதனை ஏற்கப்பட்ட பின், 2014 முதல் இயங்கும் டெபியன் தொடர் ஒருங்கிணைப்புச் சேவை அதனைத் தானே ஓட்டும். இச்சேவையின் மென்பொருளான டெப்சிஐயை எழுதியவர் பிரேசில் நாட்டவரான அந்தோனியோ டெர்செய்ரோ. பொதியின் புதிய பதிப்பு "அன்ஸ்டேபிள்" பிரிவிலிருந்து "டெஸ்டிங்" பிரிவுக்கு நகருமுன் சோதனைகள் ஓடுகின்றன. முன்பு தேறிய ஒன்று இப்போது தோற்றால் நகர்வு தடுக்கப்படும். சார்புப் புலத்தில் குறித்த பொதிகள் மாறும் போதும் சோதனை தூண்டப்படும். எனவே எழுத்துருப் பொதியின் சோதனையில் ஹார்ஃப்பஸ் கருவி குறிக்கப்பட்டிருந்தால், எழுத்துருவில் எதுவும் மாறாத போதும், ஹார்ஃப்பஸ் புதிய பதிப்பில் தமிழைக் குலைத்தால் ஹார்ஃப்பஸ்தான் வாசலில் நிறுத்தப்படும். மதுரையில் ஒருவர் எழுதிய இருபது வரி, தமிழ் அறியாத நிரலாளர்களுக்கு அன்றே செய்தி சொல்லிவிடும்.

நேரில் கற்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டிலும் வாய்ப்புகள் அமைந்துள்ளன. 2023 சனவரியில் டெபியன் சிறுமாநாடு விழுப்புரத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெபியன் மாநாடு கொச்சியிலும் நடைபெற்றன.

பிற வழங்கல்களில்

ஃபெடோராவில் டிஎம்டி என்னும் கருவி இதையொத்த பணியைச் செய்கிறது. ஓப்பன்சூசேயின் ஓப்பன்கியூஏ சற்று வேறுபட்டது. அது மெய்நிகர் கணினியின் திரையைப் படம் பிடித்து, முன்பு சேமித்த படத்துடன் ஒப்பிடும். நிறுவல் நிரல் தமிழில் எவ்வாறு தோன்றுகிறது என்பது போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தும்; ஆனால் எழுத்துரு சற்று மாறினாலும் படங்களை மீண்டும் சேமிக்க வேண்டியிருக்கும்.