குப்பைப் பைக்குள் தண்ணீர்

சிங்கப்பூரின் தோ பாயோ லோரோங் 5-இல் 53ஆம் புளோக் என்று ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடம் இருக்கிறது. மொத்தம் 19 மாடி. 1972இல் பிரிட்டனின் எலிசபெத் அரசியார் வந்து, அதன் மொட்டைமாடியில் நின்று ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அரசியாருக்கு மேலே வேலை இருந்தது. நமக்குக் கீழே வேலை.

அந்தக் கட்டடத்தின் உச்சி மாடியில் நின்றுகொண்டு ஒரு குப்பைப் பையைக் குப்பைக்குழாயில் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் என்றால், பை 50 மீட்டர் கீழே விழ வேண்டும். பள்ளியில் படித்த ஈர்ப்பு விசைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று நொடிக்குச் சற்று மேல் ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். உங்கள் அப்பா விரைவுச்சாலையில் அந்த வேகத்தில் ஓட்டினால் அபராதச் சீட்டு வீட்டுக்கே வந்து சேரும்!

உண்மையில் பை அவ்வளவு வேகம் பிடிக்காது. குழாயின் சுவரில் உரசும். குழாய்க்குள் இருக்கும் காற்றும் எதிர்த்து நிற்கும். அப்படியும் கீழே போய்ச் சேரும்போது நல்ல அடிதான். உடைந்த கண்ணாடியை வெறும் பையில் போடாதே, செய்தித்தாளில் சுற்றிப் போடு என்று அம்மா சொல்வது இதனால்தான். கீழே அந்தப் பையைக் கையால் எடுக்கப் போகிறவர் ஒரு துப்புரவு ஊழியர்.

பழைய வீடுகளில் இந்தக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள வீடுகளுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு குப்பை அறை. ஒரே புளோக்கில் பல அறைகளைத் திறந்து திறந்து குப்பையை அள்ள வேண்டும். 1989க்குப் பிறகு கட்டிய புளோக்குகளில் இதை மாற்றிவிட்டார்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவான குழாய் வந்தது. அள்ள வேண்டிய இடங்கள் குறைந்தன. வீட்டுக்குள் கரப்பான்பூச்சி வரும் வழியும் ஒன்று அடைபட்டது.

அதற்கடுத்த மாற்றம் இன்னும் சுவையானது. ஜூரோங் ஈஸ்ட்டில் யூஹுவா வட்டாரத்தில், ஏற்கெனவே மக்கள் குடியிருந்த புளோக்குகளுக்கே நிலத்தடிக் குழாய் பதித்துக் குப்பையைக் காற்றால் கொண்டுபோகும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது 500 வீடுகளும் அதற்கு மேலும் உள்ள புதிய தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இந்த முறையை அமைத்தே ஆக வேண்டும். இது 2018 ஏப்ரலில் வந்த விதி.

இதில் ஒரு சின்ன அறிவியல் சூட்சுமம் உண்டு. "மின்விசிறி குப்பையை இழுக்கிறது" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். காற்றுக்கு இழுக்கத் தெரியாது; தள்ள மட்டுமே தெரியும். நிலையத்தில் உள்ள பெரிய விசிறி, குழாயின் அந்த முனையிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. இந்த முனையில் வெளிக்காற்று வழக்கமான அழுத்தத்தோடு காத்திருக்கிறது. வால்வு திறந்ததும் அது உள்ளே பாய்கிறது. பாயும்போது குப்பைப் பையையும் தள்ளிக்கொண்டு போகிறது. உறிஞ்சுகுழலில் நீங்கள் மைலோ குடிக்கும்போது நடப்பதும் இதேதான்.

குழாய் பதிக்க முதலில் நிறையச் செலவாகும். பிறகு குப்பை லாரி புளோக் புளோக்காகச் சுற்ற வேண்டியதில்லை. அள்ளவும் ஆள் குறைவாகப் போதும். ஆனால் விரிந்த குடையையும் பலகையையும் குழாய்க்குள் திணிக்கிறவர்களை எந்தத் தொழில்நுட்பமும் திருத்தாது. அடைப்பை எடுக்கக் கடைசியில் ஒரு மனிதர்தான் வர வேண்டும்.

இனி லாரியோடு போவோம். நம் தீவு சின்னது என்பது உங்களுக்குத் தெரியும். 1970இல் நாளுக்கு 1,260 டன் குப்பை சேர்ந்தது. 2016இல் அது 8,559 டன். இவ்வளவையும் மண்ணில் கொட்டிக்கொண்டே போனால் நாம் நிற்க இடம் இருக்காது. பெருந்தீவில் கடைசியாக இருந்த குப்பைமேடு லோரோங் ஹாலுஸ். 1999 மார்ச் 31ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1979இல், உலு பாண்டானில் முதல் எரியாலை வந்துவிட்டது. இன்று துவாசிலும் செனோக்கோவிலும் எரியாலைகள் இருக்கின்றன. மறுசுழற்சிக்குப் போகாத, எரியக்கூடிய குப்பை அவற்றுக்குத்தான் போகிறது.

எரியாலைக்குள் முதலில் ஒரு மாபெரும் குழி. லாரிகள் வரிசையாக வந்து அதில் கொட்டும். ஆயிரக்கணக்கான டன் குப்பை இருந்தும் வெளியே நாற்றம் வராது. எப்படி? குழிக்குள் இருக்கும் காற்றை எடுத்து உலைக்குள் செலுத்துகிறார்கள். அதனால் குழியில் காற்றழுத்தம் எப்போதும் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. கதவு திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். உள்காற்று வெளியே வராது. யூஹுவா குழாயில் பார்த்த அதே விதி! நாற்றக் காற்று உலைக்குள் போய் எரிந்துவிடுகிறது.

உலையின் வெப்பம் 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் கொதிகலன் தண்ணீர் நீராவியாகி, டர்பைனைச் சுழற்றி, மின்சாரம் தருகிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு இப்படிக் கிடைக்கிறது. புகையில் உள்ள அமில வாயுக்களைச் சுண்ணாம்புத் தூள் பிடித்துக்கொள்ளும். தூசியை வடிகட்டிகள் பிடித்துக்கொள்ளும். எரித்து முடித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சாம்பலில் கிடக்கும் இரும்பைக் காந்தம் பொறுக்கி எடுத்துவிடும்.

மிஞ்சிய சாம்பல் துவாசிலிருந்து மூடிய படகில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. கடலுக்குள் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை அணை கட்டி, அதன் உட்புறம் கசிவைத் தடுக்கும் சவ்வும் கடற்களிமண்ணும் போட்டு, அதற்குள் சாம்பலை நிரப்புகிறார்கள். இதைக் கட்ட 61 கோடி வெள்ளி ஆனது. அணை கட்டும்போது அழிந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாகப் பக்கத்திலேயே 4 லட்சம் கன்றுகளை நட்டார்கள். அந்தக் கன்றுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அணையில் கசிவு ஏற்பட்டால் முதலில் வாடப் போவது அவைதான். சம்பளம் வாங்காத காவலாளிகள்! இந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். அதனால்தான் சாம்பலைச் சாலை போடப் பயன்படுத்தலாமா என்று தானா மேரா கோஸ்ட் ரோட்டில் சோதித்துப் பார்த்தார்கள்.

இதுவரை எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றுகிறது, இல்லையா? இப்போது உங்கள் வீட்டுக் குப்பைப் பையைத் திறந்து பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மீந்த சோறு, சாம்பார்க் காய், வாழைப்பழத் தோல், தர்பூசணித் தோல். தர்பூசணித் தோலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சோற்றிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் எரியாது. அது ஆவியாகிப் போன பிறகுதான் மீதி எரியும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் வெப்பம் போதும். அதைக் கொதிநிலையிலேயே ஆவியாக்க இன்னும் 2,250 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். வெப்பமானி ஏறாமலேயே விழுங்கப்படும் இந்த வெப்பத்தைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். மொத்தமாகப் பார்த்தால் 0.7 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல். 10 வாட் விளக்கை 70 மணி நேரம் எரிய விடலாம்! அவ்வளவும் ஒரு லிட்டர் தண்ணீரைப் புகைபோக்கி வழியாக மேலே அனுப்பத்தான் செலவாகிறது.

நீல நிற மறுசுழற்சித் தொட்டியிலும் இதே வில்லன்தான். தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. போடக் கூடாத பொருளைப் போடுவது ஒரு காரணம். மீந்த உணவும் பானமும் சிந்தி நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடுவது இன்னொரு காரணம்.

இனி உங்கள் சமையலறையின் இரண்டாவது குழாய்க்கு வருவோம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே போகும் குழாய். இது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. கழுவிய நீர், குளித்த நீர், கழிவறை நீர் எல்லாம் தரைக்கடியில் போய்ச் சேருகின்றன. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஒரு பெரிய கழிவுநீர்ச் சுரங்கம் இருக்கிறது. 2008இல் கட்டி முடித்தார்கள். அதன் தரை மெல்லச் சரிந்துகொண்டே போகும்படி அமைத்திருப்பதால் நீர் தானாகவே ஓடுகிறது. வழியெல்லாம் பம்பு வைத்துத் தள்ள வேண்டியதில்லை. ஈர்ப்பு விசைக்கு மின்கட்டணம் கிடையாது! கடைசியில் சாங்கியில் மட்டும் அடி ஆழத்திலிருந்து நீரை மேலே ஏற்றிச் சுத்தம் செய்கிறார்கள். அதில் ஒரு பகுதி பிறகு புதுநீராகிறது. அது உங்களுக்குத் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாதது, சுத்தம் செய்தபின் அடியில் தங்கும் கசடு. கருப்பாக, கூழாக இருக்கும். அதைக் காற்றுப் புகாத பெரிய கலன்களில் அடைத்துவைப்பார்கள். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். ஆக்சிஜன் இல்லாமலேயே அவை கசடைத் தின்று மீத்தேன் வாயுவை வெளிவிடும். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் கட்டிவைக்கும் மாடுகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றின் வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான். மாடு அந்த மீத்தேனைப் பெரும்பாலும் ஏப்பமாக விட்டுவிடுகிறது. ஆலையோ அதைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறது.

ஆனால் கசடு நுண்ணுயிர்களுக்கு அவ்வளவு சத்தான சாப்பாடு இல்லை. நம் உடம்பு ஏற்கெனவே சத்தை எடுத்துக்கொண்டுவிட்டது அல்லவா! வாயு குறைவாகத்தான் வரும்.

இப்போது இரண்டு குழாயையும் சேர்த்து யோசியுங்கள். எரியாலைக்கு வேண்டாத விருந்தாளி ஈரமான மிச்ச உணவு. நுண்ணுயிர்க் கலனுக்கு வேண்டியதோ சத்துள்ள உணவு. ஈரம் அதற்குத் தொந்தரவே இல்லை; நுண்ணுயிர்கள் தண்ணீரில்தான் வாழும். ஒன்றுக்குப் பகையானது மற்றொன்றுக்கு விருந்து!

பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியச் சுற்றுப்புற வாரியமும் இதை உலு பாண்டானில் சோதித்துப் பார்த்தன. தனியாகப் பிரித்து வாங்கிய உணவுக் கழிவை அரைத்துக் கூழாக்கிக் கசடோடு கலந்தார்கள். கசடு மட்டும் இருந்தால் வருவதைப்போல மூன்று மடங்கு வரை வாயு கிடைத்தது.

அந்தச் சோதனையின் பெரிய வடிவம்தான் துவாஸ் நெக்சஸ். 2020 செப்டம்பரில் வேலை தொடங்கியது. கழிவுநீர் ஆலையையும் குப்பை ஆலையையும் முதலிலிருந்தே பக்கத்துப் பக்கத்தில் திட்டமிட்டிருக்கிறார்கள். குப்பை ஆலை நாளுக்கு 400 டன் வரை உணவுக் கழிவைக் கூழாக்கி அடுத்த ஆலைக்குத் தரும். அங்கே பிறக்கும் வாயு திரும்பி வந்து, குப்பை ஆலை கூடுதல் மின்சாரம் எடுக்க உதவும். கழிவுநீர் ஆலைக்கு அந்த மின்சாரம். குப்பை ஆலைக்குச் சுத்திகரித்த நீர். எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் வரும் கொடுக்கல் வாங்கல். தனித்தனியாகக் கட்டியிருந்தால் 2.6 ஹெக்டர் நிலம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். அது ஏறக்குறைய நான்கு காற்பந்துத் திடல். இதில் எனக்குப் பிடித்தது இயந்திரங்கள் இல்லை. இரண்டு அரசு நிறுவனங்கள் ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்து பேசியதுதான். பல ஊர்களில் சாலை போடுகிறவரும் குழாய் தோண்டுகிறவரும்கூடப் பேசிக்கொள்வதில்லை!

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. உணவுக் கழிவு தனியாக வந்தால்தான் இதெல்லாம் நடக்கும். உணவகம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, சந்தை போன்ற இடங்களில் பிரித்து வாங்குவது எளிது. 53ஆம் புளோக்கின் குப்பைக்குழாய்க்குச் சோறு எது, சட்டை எது என்று தெரியாது.

பையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நீங்களே அளந்து பார்க்கலாம். சமையலறைத் தராசில் ஒரு துண்டு தர்பூசணித் தோலை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக நறுக்கித் தட்டில் பரப்பி, வெயில் படும் சன்னலோரம் வையுங்கள். சுருங்கி மொடமொடவென்று ஆனதும் திரும்ப நிறுங்கள். இரண்டு எண்களையும் கழித்தால், எரியாலை ஆவியாக்க வேண்டியிருந்த தண்ணீரின் எடை கிடைக்கும். அதை 2.55 ஆல் பெருக்குங்கள். எடை கிராமில் இருந்தால், அதை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் கிலோஜூலில் வரும். தட்டை இன்னொரு பெரிய தண்ணீர்த் தட்டுக்குள் வைக்க மறந்துவிடாதீர்கள். எறும்புகள் உங்களுக்கு முன்பே கணக்கை முடித்துவிடும்.