யாரும் பார்க்காமலே பிடிபட்ட வைரஸ்

இதைப் படிக்கிற உங்கள் குடலில் கிராஸ்ஃபேஜ் என்றொரு வைரஸ் குடியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பயப்பட வேண்டாம். அது மனித உயிரணுவைச் சீண்டாது. குடலில் வாழும் பாக்டீரியாவைத் தாக்கிப் பிழைப்பது. மனித மலத்தில் இவ்வளவு மலிந்து கிடக்கும் வைரஸ்கள் மிகச் சில. ஆனாலும் 2014 வரை அப்படியொன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவர்கள் அதை வளர்க்கவும் இல்லை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் இல்லை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாஸ் டுட்டில் ஆகியோரும் அவர்களது குழுவினரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே அதைப் பிடித்தார்கள்.

அவர்கள் கையிலெடுத்தது வேறொரு ஆய்வுக்காக வேறு சிலர் திரட்டிய தரவு. அமெரிக்காவில் நான்கு இரட்டையர் ஜோடிகள், அவர்களின் தாய்மார்கள் என 12 பேரின் மலத்திலிருந்து வைரஸ்களைப் பிரித்து, டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படித்து, அந்த எழுத்து வரிசைகளைப் பொதுவில் வைத்திருந்தார்கள். வழக்கமாக அடுத்த வேலை, ஒவ்வொரு துண்டையும் ஏற்கெனவே தெரிந்த மரபணுக்களோடு ஒப்பிட்டு, இது இன்னாருடையது என்று பெயர் எழுதுவது. இங்கே பெரும்பாலான துண்டுகள் எதோடும் ஒத்துப்போகவில்லை. இது புதிதல்ல. எந்த ஊர் மாதிரியை எடுத்தாலும் பெயர் தெரியாத துண்டுகள் குவியலாக மிஞ்சும். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெயர் தெரிந்ததை மட்டும் எழுதுவதுதான் அந்தத் துறையின் பழக்கமாக இருந்தது.

இந்தக் குழு அந்த மிச்சத்தையே குறிவைத்தது. பன்னிரண்டு வீட்டு மளிகைச் சீட்டுகள் நம்மிடம் இருக்கின்றன, சாம்பார் என்றால் என்னவென்றே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். துவரம்பருப்பு அதிகம் வாங்கும் வீட்டிலெல்லாம் புளியும் பெருங்காயமும் அதே அளவில் கூடுகின்றன, குறைகிற வீட்டில் மூன்றும் சேர்ந்தே குறைகின்றன என்றால், மூன்றும் ஒரே பண்டத்துக்குப் போகின்றன என்று சொல்லிவிடலாம். 12 பேரின் துண்டுகளையும் ஒன்றாகக் கொட்டி இணைத்தபோது, சில நீளமான தொடர்கள் ஆளுக்கு ஆள் ஒன்றுபோலவே ஏறி இறங்கின. அவை ஒரே உயிரியின் உறுப்புகள் என்று கணக்கு சொன்னது. எல்லாவற்றையும் கோத்தபோது சுமார் 97,000 எழுத்துகள் கொண்ட வட்ட வடிவ மரபணுத் தொகுதி ஒன்று கிடைத்தது. பிறகு மற்ற மல மாதிரிகளின் பழைய தரவுகளில் தேடினால், ஏறக்குறைய முக்கால்வாசியில் அது இருந்தது. அத்தனை பேரும் அதைப் படித்திருக்கிறார்கள், ஒருவரும் பார்க்கவில்லை.

அது எந்த பாக்டீரியாவைத் தாக்குகிறது என்பதையும் கணக்கே சொன்னது. பாக்டீராய்டிஸ் என்ற பாக்டீரியா கூடும் இடத்தில் இதுவும் கூடியது. தம்மைத் தாக்கிய வைரஸின் துணுக்கைச் சில பாக்டீரியாக்கள் தம் டி.என்.ஏ.விலேயே பதிந்து வைத்துக்கொள்ளும். கிரிஸ்பர் எனப்படும் அந்தப் பதிவேட்டைப் புரட்டியபோதும் பாக்டீராய்டிஸ் பக்கமே சுட்டியது.

கணக்கில் வந்ததெல்லாம் நிஜமாகுமா என்ற கேள்வி நியாயமானது. பதிலுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, அமெரிக்காவில் யூஜின் கூனினின் குழு, புரத வரிசைகளை மட்டும் வைத்து இந்த வைரஸ் குடும்பத்துக்குக் குட்டை வால் இருக்க வேண்டும் என்று ஊகித்தது. 2018இல் அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆந்த்ரே ஷ்கோபரோவும் கோலின் ஹில்லும் இதன் உறவுக்கார வைரஸ் ஒன்றை பாக்டீராய்டிஸ் இன்டஸ்டினாலிஸ் என்ற பாக்டீரியாவில் வளர்த்துக் காட்டினார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டை வால்! கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு உயிர்களை ஆராயும் கணிப்பு உயிரியல் என்ற துறையின் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

நடைமுறைப் பயனும் உண்டு. இந்த வைரஸ் மனிதக் கழிவில் ஏராளம் என்பதால், ஆற்றிலோ கடற்கரையிலோ சாக்கடை கலந்திருக்கிறதா என்று சோதிக்க இதை அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இதே வேலையைப் பிரம்மாண்டமாகச் செய்தது செராட்டஸ் திட்டம். கொரோனா காலத்தில் ஆர்டெம் பாபாயானும் கூட்டாளிகளும் தொடங்கியது. பொதுக் கிடங்கில் கிடந்த 57 லட்சம் மாதிரிகளின் தரவை, வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில் 11 நாளில் சலித்தார்கள். செலவு சுமார் 24,000 டாலர். தேடியது ஒரே ஒரு அடையாளத்தை: ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தம்மை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியின் மரபணு. அதுவரை தெரிந்திருந்த ஆர்.என்.ஏ. வைரஸ்கள் சுமார் 15,000. புதிதாகச் சிக்கியவை சுமார் 1,32,000. முடிவுகள் 2022 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்தன.

இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை இன்னும் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. எது யாரைத் தாக்கும், எது நோய் தரும் என்பதைக் கம்ப்யூட்டர் மட்டுமே உறுதியாகச் சொல்லிவிடாது. அதற்கு கார்க் ஆய்வகத்தில் செய்ததுபோல வளர்த்துப் பார்க்கிற பொறுமை வேண்டும். வைரஸ் ஒவ்வொன்றுக்கும் அப்படி நான்கு ஆண்டுகள் செலவிட உலகில் ஆள் கிடையாது. எதை முதலில் வளர்ப்பது என்று வரிசைப்படுத்தித் தருவதே கணிப்பு உயிரியலின் உண்மையான உபயோகம் என்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கண்டுபிடிப்புகளும் அடுத்தவர் திரட்டிய தரவிலிருந்து பிறந்தவை. அதைப் பூட்டி வைத்திருந்தால் கிராஸ்ஃபேஜும் இல்லை, செராட்டஸும் இல்லை. இந்தியாவிலும் 2022இல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டிருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் மூலத் தரவு ஆய்வாளரின் ஹார்ட் டிஸ்க்கில் முடங்காமல் அங்கே வந்து சேர வேண்டும். எந்தக் கல்லூரி மாணவியும் எடுத்துத் தேடிப் பார்க்கும்படி அது திறந்திருக்க வேண்டும்.