வளையத்துக்குள் ஒளிந்திருக்கும் யானை

மாணவர்களே, ஒரு மரப் பம்பரத்தைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் உருவம் மாறுவதில்லை. பூரிக்கட்டை, கிரிக்கெட் ஸ்டம்ப், கிளந்தான் மாநிலத்தின் காசிங் பம்பரம் ஆகியவையும் அப்படித்தான். கடைசல் எந்திரத்தில், அதாவது லேத்தில், செய்யப்படும் பொருள்களின் பொதுக் குணம் இது.

காரணம் எளிது. கடைசல் எந்திரத்தில் மரக்கட்டை ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. உளி ஓரிடத்தில் நின்று அதைத் தொடுகிறது. உளி தொட்ட இடம் முழுச்சுற்றுக்கும் ஒரே அளவில் குறைகிறது. எனவே அங்கே எதைச் செய்தாலும் அது அச்சைச் சுற்றி வட்டமாகவே அமையும்.

அப்படியென்றால், கடைசல் எந்திரத்தில் ஒரு யானையைச் செய்ய முடியுமா? யானைக்கு முன்னால் தும்பிக்கை, பின்னால் வால், கீழே நான்கு கால்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது வட்டமாக இல்லையே! இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை: துண்டு துண்டாகக் கடைதல்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னப்பட்டணா என்னும் ஊர் இருக்கிறது. மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. வெட்பாலை மரத்தை அங்கே காலங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். வெளிர் நிறமும் நெருக்கமான இழைகளும் கொண்ட மரம் என்பதால், கடைந்தால் வழவழப்பாக வரும். வண்ணம் பூசத் தூரிகை தேவையில்லை. சுழன்றுகொண்டிருக்கும் மரத்தின்மீது வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வில் வெப்பம் பிறக்கும். அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம் சமையலறைப் பண்டான் இலையும் இந்தத் தாழையும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசலில் பிறந்தவைதாம். பானை, சட்டி, உரல், அம்மிக் குழவி எல்லாமே வட்ட வடிவம் என்பதால் கடைசல்காரருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் யானை வேண்டுமென்றால் முட்டை வடிவில் ஓர் உடல், உருண்டையாக ஒரு தலை, உருளைகளாக நான்கு கால்கள் என்று தனித்தனியே கடைந்து இணைக்க வேண்டும். இதுதான் முதல் விடை.

இரண்டாம் விடை: வளையத்தைக் கடைதல்

இரண்டாவது விடையைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையோரம் உள்ள சைஃபன் என்ற மலைக்கிராமத்து மக்கள். அந்த ஊர் உருவான கதை அம்பாங்கில் வாழும் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து ஈயம் தேடிய இடம் நமது அம்பாங். சைஃபனும் வெள்ளீயத்தால் பிறந்த ஊர்தான். ஆற்று மணலையும் சரளையையும் தண்ணீரில் கழுவி ஈயத்தாது எடுப்பதைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லே அதன் பெயராயிற்று.

ஈயம் குறையத் தொடங்கியதும் அவ்வூர் மக்கள் சுற்றியிருந்த காட்டை நம்பினார்கள். ஓடை நீரின் விசையால் சுழலும் கடைசல் பட்டறைகளில் தட்டு, பொத்தான், பொம்மை என்று கடைந்து விற்றார்கள். பொம்மைக்குக் கிடைத்த விலையோ மிகக் குறைவு. ஒரு குதிரையைச் செதுக்கும் நேரத்தில் பல குதிரைகளைச் செய்தால்தான் குடும்பம் பிழைக்கும். 1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர்கள் கையாளத் தொடங்கிய முறைதான் வளையக் கடைசல்.

இதைப் புரிந்துகொள்ள, நடுவில் துளையுள்ள பண்டான் கேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து வெளிநோக்கி எங்கே வெட்டினாலும் துண்டின் வெட்டுமுகம் ஒரே வடிவத்தில்தான் இருக்கும். கேக்கை வேகவைக்கும் அச்சின் வடிவம் அது. அந்த வெட்டுமுகம் யானை வடிவில் இருந்தால்? ஒவ்வொரு துண்டும் ஒரு யானை!

கடைசல்காரர் செய்வதும் இதுவே. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தண்டைக் குறுக்கே அறுத்து, தட்டுப்போன்ற கட்டையை எந்திரத்தில் பொருத்துகிறார். முதலில் ஒரு முகத்தில் பள்ளங்களையும் மேடுகளையும் கடைகிறார். அவை விலங்கின் வயிறும் கால்களும். பிறகு கட்டையைத் திருப்பிப் பொருத்தி, மறுமுகத்தில் முதுகையும் தலையையும் கடைகிறார். முடிவில் கையில் கிடைப்பது ஒரு மர வளையம். அதன்மீது கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் துண்டு பிளந்து வருகிறது. அதுவரை ஒளிந்திருந்த விலங்கு அப்போதுதான் வெளியே தெரிகிறது.

ஒரு வளையத்தில் எத்தனை யானைகள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளையத்தின் வெளிவிட்டம் 30 செ.மீ., உள்விட்டம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுற்றளவு 3.14 × 30 = 94.2 செ.மீ. வெளிப்புறத்தில் 2 செ.மீ. தடிமன் வீதம் பிளந்தால் 47 யானைகள் கிடைக்கும். உள்சுற்றளவோ 56.5 செ.மீ.தான். அதை 47ஆல் வகுத்தால் 1.2 செ.மீ. ஆக, ஒவ்வொரு யானையும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். அதனால் பிளந்ததோடு வேலை முடிவதில்லை. ஓரங்களைக் கத்தியால் செதுக்கி உருட்ட வேண்டும். காது, வால் ஆகியவற்றை ஒட்ட வேண்டும். பிறகு வண்ணம் தீட்ட வேண்டும். நோவாவின் பேழை என்னும் பொம்மைத் தொகுதிகளுக்குத் தேவையான ஏராளமான விலங்குகள் இப்படித்தான் உருவாயின.

இழையின் திசை ஏன் முக்கியம்?

விறகைப் பிளப்பவரைக் கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். கோடரி மரத்தின் நீளவாக்கில் எளிதாக இறங்கும். குறுக்கே வெட்டுவதுதான் கடினம். மரத்தின் செல்கள் தண்டின் நீளத்துக்கு இணையாக அடுக்கப்பட்ட நுண்குழாய்கள் போன்றவை. அவற்றை ஒன்றையொன்று விலக்குவது எளிது, முறிப்பது கடினம்.

தண்டைக் குறுக்கே அறுத்த கட்டையில் இந்த இழைகள் சுழல் அச்சுக்கு இணையாக நிற்கின்றன. இதனால் இரண்டு நன்மைகள். ஒன்று, கத்தி இழையின் போக்கில் இறங்குவதால் துண்டுகள் சுலபமாகப் பிளக்கின்றன. மற்றொன்று, விலங்கின் கால்களில் இழை மேலிருந்து கீழாக ஓடுவதால் மெல்லிய கால்களும் சட்டென்று முறிவதில்லை. ஈரம் காயாத மரத்தையே பயன்படுத்துவதும் காரணத்தோடுதான். ஈர மரம் உளிக்கு இளகிக் கொடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான். கடையும்போது யானை எங்குமே தெரியாது. தெரிவதெல்லாம் வட்ட வட்டமான பள்ளங்களே. இந்தப் பள்ளம் கழுத்து, அந்த மேடு நெற்றி என்று கடைசல்காரர் மனத்தில்தான் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்து வயிறும் மேல்பக்கத்து முதுகும் சரியாகப் பொருந்த வேண்டும். உளி ஓரிடத்தில் சற்று ஆழமாக இறங்கிவிட்டால் ஒரு யானை மட்டும் கெடாது. 47 யானைகளுக்கும் கழுத்து மெலிந்துவிடும். ஒரே உழைப்பில் பல பொம்மைகளைத் தரும் அதே முறை, ஒரே பிழையைப் பல மடங்காகவும் பெருக்கும்.

படிவம் 3 கணிதத்தில் ஒரு திடப்பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து வரைகிறீர்கள் அல்லவா? கடைசல்காரரின் மனக்கண் செய்வதும் அதே வேலைதான். இந்தத் திறமை கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். இன்று இக்கலையில் தேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. சைஃபனின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பழைய பட்டறையில் இவ்வேலையை இன்றும் நேரில் காணலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. களிமண்ணை உளுந்து வடைபோல நடுவில் துளையிட்டு வளையமாகப் பிடித்து, ஒரு தட்டின் நடுவில் வையுங்கள். உயரம் 3 செ.மீ., அகலமும் 3 செ.மீ. இருக்கட்டும்.
2. கெட்டி அட்டையின் விளிம்பில் யானையின் தலை, முதுகு ஆகியவற்றின் வளைவை வெட்டுங்கள்.
3. அந்த விளிம்பைக் களிமண்மீது, மையத்திலிருந்து வெளிநோக்கி இருக்குமாறு வைத்து மெல்ல அழுத்துங்கள். அட்டையை அசைக்காமல் நண்பரைத் தட்டைச் சுற்றச் சொல்லுங்கள்.
4. நூலால் மையத்திலிருந்து வெளிநோக்கித் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் யானையின் முதுகு தெரியும்.

செய்து முடித்ததும் இதையும் யோசியுங்கள்: தும்பிக்கை நுனி வாயைத் தொட, நடுவே ஓர் ஓட்டை தெரியும் யானையை வளையக் கடைசலில் செய்ய முடியுமா? உளி எந்த வழியாக உள்ளே போகும்? வெட்டுமுகத்தை வரைந்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டி விவாதியுங்கள்.