பட்டன்... பட்டன்... பட்டன்!

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை அரியலூர் வர்றியா? ஒரு புஸ்தகம் தேடணும்" என்று போன் செய்தான் நண்பன்.

பெரம்பலூரில் பஸ் ஏறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தலையில் இலவச வெள்ளையடிப்போடு அரியலூரில் இறங்கினேன். கையில் செல்போன் இருக்கும்போது புஸ்தகம் தேட ஒரு ஆளா என்று எரிச்சல் வேறு.

இருபது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனவன் அவன். இப்போது ஒரு ஆபீஸில் உத்தியோகம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி அவன் போனில் உண்டு. அதை வைத்துக்கொண்டு கரண்ட் பில் கட்டுவான், வாட்ஸ்அப்பில் ஜோக் அனுப்பி அறுப்பான். பி.காம். படித்த என்னைவிட வேகமாகக் கணக்குப் பார்ப்பான். அவனுக்கு என் தயவு எதற்கு?

"நீயே கேளு" என்று ஒரு நூலகத்தின் தேடல் பக்கத்தைத் திறந்தான். (பெயர் வேண்டாம் ஸார், நானும் அங்கே உறுப்பினர்!) போன் வாசித்தது: "பட்டன்... பட்டன்... படம்... பட்டன்..."

"என்னடா இது, தையல் கடையா?"

சிரித்தான். விஷயம் இதுதான். அந்த இடத்தில் ஒரு பூதக்கண்ணாடி படம் இருக்கிறது. கண்ணுள்ளவர்கள் 'ஓகோ, தேடுவதற்கு' என்று அமுக்கிவிடுவோம். படத்துக்குப் பின்னால் 'தேடுக' என்று எழுதி வைத்திருந்தால் போன் அதை வாசிக்கும். எழுதாவிட்டால் வெறும் பட்டன்தான். ஒரே ஒரு வார்த்தை!

"சரி, நான் தேடறேன். என்ன புஸ்தகம்?"

பதில் இல்லை. டீ வந்தது, ஆறியது. பிறகு மெதுவாகச் சொன்னான். "வீட்டுல கல்யாணப் பேச்சு எடுக்கறாங்கடா. எனக்கு வந்தது பொறக்கற குழந்தைக்கும் வருமான்னு படிச்சுத் தெரிஞ்சுக்கணும். இதைப் போய் ஆபீஸ்ல யாரையாவது கூப்பிட்டு, 'கொஞ்சம் டைப் அடிச்சுக் குடு'ன்னு கேக்க முடியுமா?"

தலையிலிருந்த சிமெண்ட் தூசி என் கண்ணில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேடினேன். 'கண் நோய்' என்று இடைவெளி விட்டு அடித்தால் பூஜ்யம். சேர்த்து அடித்தால் இரண்டு. இங்கிலீஷில் அடித்தால் ஏழு! கண்ணுள்ள நானே அரை மணி நேரம் துழாவினேன்.

இத்தனைக்கும் நூலகத்துக்கு இலக்கணம் சொன்னவர் நம்ம பக்கத்து மனிதர். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

அவரையே தேடுவதாக வைத்துக்கொள்வோம். ரங்கநாதன், அரங்கநாதன், எஸ்.ஆர்., சீ.இரா. என்று ஒரே மனிதர் நாலு பேராகிவிடுவார். அட்டைப் பெட்டிக் காலத்தில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். 'கல்கி' என்ற அட்டையை உருவினால், 'கிருஷ்ணமூர்த்தி, ரா. - காண்க' என்று வழிகாட்டும். கம்ப்யூட்டருக்கு இந்த வேலை கஷ்டமா என்ன? எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும், இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் எடுத்துக் கொடுக்கவும் அதைப் பழக்கலாம்.

இது தர்ம காரியமும் இல்லை. இணையத்தில் இருப்பதெல்லாம் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது.

புஸ்தகம் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பத்து நாள் கழித்து மெசேஜ் வந்தது: "எந்த வகைங்கறதைப் பொறுத்ததாம். டாக்டர்கிட்ட டெஸ்ட் எடுக்கப் போறேன். பொண்ணுகிட்ட நானே எல்லாம் சொல்லிட்டேன். அவங்களும் கூட வர்றாங்களாம்!"

'தேடுக என்று ஒரு வார்த்தை சேருங்கள்' என்று அந்த நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பாவம், எந்தப் பட்டனை அமுக்குவது என்று அவர்களுக்கும் தெரியவில்லையோ என்னவோ!