நன்னம்பிக்கை முனையைக் கண்ட கடலோடி

பதினைந்தாம் நூற்றாண்டில் மிளகு முதலிய நறுமணப் பொருள்கள் பல வணிகர் கைமாறியே ஆசியாவிலிருந்து ஐரோப்பாவை அடைந்தன. அதனால் அவற்றின் விலை மிகுந்திருந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடல்வழியே இந்தியாவை அடைந்தால் அவற்றை நேரில் வாங்கலாம் எனப் போர்த்துக்கல் மன்னர் இரண்டாம் ஜான் எண்ணினார். அவ்வழியைக் காணும் பொறுப்பைப் பார்த்தலோமியோ டயஸ் என்னும் கடலோடியிடம் ஒப்படைத்தார்.

1487ஆம் ஆண்டு டயஸ் மூன்று கப்பல்களுடன் லிஸ்பன் நகரிலிருந்து புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே சென்றபின், அவருடைய கப்பல்கள் கரையை விட்டு விலகி, பல நாள் நிலத்தைக் காணாமல் கடுங்காற்றில் அலைந்தன. அவர் கிழக்கே திரும்பினார், கரை தென்படவில்லை. வடக்கே திரும்பினார், 1488 பிப்ரவரியில் கரை தெரிந்தது. அது கிழக்கு நோக்கி நீண்டிருந்தது. ஆப்பிரிக்காவின் தென்கோடியைப் பார்க்காமலே அவர் கடந்துவிட்டார்!

தொடர்ந்து சென்று இந்தியாவைக் காண டயஸ் விரும்பினார். ஆனால், மாலுமிகள் களைத்திருந்தனர், உணவும் குறைந்திருந்தது. அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டினர். டயஸ் தம் விருப்பத்தை விட்டு, அக்கரையில் ஒரு கல்தூணை நாட்டித் திரும்பினார். வரும் வழியில் ஒரு முனையைக் கண்டார். அதற்கு அவர் ‘புயல் முனை’ எனப் பெயரிட்டதாகவும், மன்னர் அதனை ‘நன்னம்பிக்கை முனை’ என மாற்றியதாகவும் கூறுவர்.

பின்னர் வாஸ்கோ ட காமாவின் பயணத்திற்குரிய கப்பல்கள் டயசின் மேற்பார்வையில் கட்டப்பட்டன. காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். டயசோ இந்தியாவைக் காணவே இல்லை. 1500இல் கப்ராலின் தலைமையில் இந்தியா நோக்கிச் சென்றபோது, புயலில் அவருடைய கப்பல் மூழ்கியது. அவரும் உயிரிழந்தார்.

அவர் திறந்த வழியில் வணிகமும் வந்தது. போரும் அயலார் ஆட்சியும் வந்தன. சொற்களும் வந்தன. நாம் வழங்கும் சாவி, சன்னல், அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்களிலிருந்து வந்தவையே. சாவியை இந்தியில் ‘சாபி’ என்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டிற்கும் மூலச்சொல் ஒன்றே.

சிந்தித்து எழுதுக: மாலுமிகளின் சொல்லை ஏற்று டயஸ் திரும்பியது தோல்வியா? உம் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.