முதுமையின் ஊதியமும் மருந்தின் விலையும்

1940ஆம் ஆண்டு சனவரி மாதம் 31ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்திலுள்ள லட்லோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஐடா மே புல்லர் அம்மையாரின் பெயருக்கு ஒரு காசோலை எழுதப்பட்டது. தொகை 22 டொலர் 54 சதம். அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாதந்தோறும் வழங்கப்படும் உபகாரப் பணத்தின் முதலாவது காசோலை அதுவே. இளமையில் ஆசிரியையாகவும், பின்னர் சட்டத்தரணி அலுவலகமொன்றிற் செயலாளராகவும் பணிபுரிந்து இளைப்பாறிய அவர், நூறு வயது வாழ்ந்து 1975இல் மறைந்தார்.

அன்று அவருக்கென எழுதப்பட்ட தொகையும் அவர் கையிற் சேர்ந்த தொகையும் ஒன்றே. இன்று அந்நாட்டு முதியோர் பலருக்கு அவை இரண்டும் வெவ்வேறு. இடையிலே நிற்பது மருத்துவக் காப்புறுதிக் கட்டணமும், அதனோடு பின்னர் வந்து சேர்ந்த மருந்துக் காப்புறுதிக் கட்டணமும் ஆகும்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற் சனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்டது 1935இல். முதியோருக்கான மெடிக்கெயர் என்னும் மருத்துவக் காப்புறுதியைச் சனாதிபதி ஜோன்சன் 1965இற் சட்டமாக்கினார். 1966இல் அதன் வைத்தியர் செலவுப் பிரிவுக்குரிய மாதக் கட்டணம் 3 டொலரே. ஆயினும், வைத்தியர் எழுதிய சீட்டைக் கொண்டு மருந்துக் கடையில் வாங்கும் மருந்துக்கு அத்திட்டத்தில் இடமிருக்கவில்லை. 2003இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2006 சனவரி முதலாந் திகதியன்றே ‘டி’ பிரிவு எனப்படும் மருந்துக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அரசின் உதவியோடு தனியார் நிறுவனங்களே அதனை நடத்துகின்றன. கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும்.

இக்கட்டணத்தை முதியவர் நேரே செலுத்தலாம். அன்றி, உபகாரப் பணத்திலிருந்தே கழித்துக்கொள்ளும்படி கேட்கலாம். இரண்டாவது வழி இலகுவானது. ஆனால், கழிவு தொடங்கச் சில மாதங்கள் தாமதமாவதுண்டு. அப்போது இரண்டு மூன்று மாதக் கட்டணம் ஒருங்கே கழிக்கப்பட, அம்மாதத்து வீட்டுச் செலவு தடுமாறும்.

இதனினும் முக்கியமான சிக்கல் ஒன்றுண்டு. 1975 முதல், விலைவாசி உயரும்போது உபகாரப் பணமும் தானாகவே கூட்டப்படுகிறது. அக்கூட்டுத்தொகையை நிர்ணயிக்கும் விலைச் சுட்டெண்ணோ, நகரத்திலே தொழில் செய்வோரின் செலவை அளப்பது. தொழில் செய்பவர் வாங்கும் மருந்தும் எழுபது வயதினர் வாங்கும் மருந்தும் ஒரே அளவினவா?

ஓர் உதாரணம் கொள்வோம். 2024இல் ஒரு மூதாட்டிக்கு மாதம் 1,000 டொலர் உரியதெனின், 2025இல் நூற்றுக்கு 2.5 வீத உயர்வால் 25 டொலர் கூடியிருக்கும். அதே ஆண்டில் வைத்தியர் செலவுப் பிரிவின் கட்டணம் 174 டொலர் 70 சதத்திலிருந்து 185 டொலராயிற்று. அதற்கு 10 டொலர் 30 சதம் போக, மிச்சம் 14 டொலர் 70 சதம். அவருடைய மருந்துக் கட்டணம் 18 டொலரால் உயர்ந்திருப்பின்? முந்திய ஆண்டினும் 3 டொலர் 30 சதம் குறைவாகவே கையிற் சேரும். உபகாரம் கூடியதென்று கடிதம் கூறும். கையோ குறைந்ததென்று கூறும்.

வைத்தியர் செலவுப் பிரிவின் கட்டண உயர்வினால் மட்டும் தேறிய தொகை முந்திய ஆண்டினும் குறையாதபடி, பெரும்பாலோருக்குச் சட்டம் காவல் செய்கின்றது. மருந்துக் கட்டணத்துக்கு அக்காவல் இல்லை. ஒரு வாயிலைப் பூட்டி மறு வாயிலைத் திறந்துவிட்டாற் போன்றது இது.

பிந்திச் சேர்பவர்க்குத் தண்டமும் உண்டு. உரிய காலத்திற் சேராமலும், அதற்கு நிகரான வேறு காப்புறுதி இல்லாமலும் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும், தேசிய அடிப்படைக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் சேர்க்கப்படும். 2025இல் அவ்வடிப்படை 36 டொலர் 78 சதம். இரண்டாண்டு தவறியவர் மாதம் 8 டொலர் 80 சதம் மேலதிகமாகச் செலுத்த வேண்டியிருந்தது. மருந்துக் காப்புறுதி உள்ளவரை இத்தண்டம் தொடரும். அடிப்படை உயர உயர அதுவும் உயரும்.

வருமானம் மிக்கோருக்கு 2011 முதல் மிகைக்கட்டணம் ஒன்றும் விதிக்கப்படுகிறது. அதனை உபகாரப் பணத்திலிருந்து கழிப்பது கட்டாயம். 2025இல் தனியொருவருக்கு 106,000 டொலரும், சேர்ந்து வரிக்கணக்குக் காட்டும் தம்பதியருக்கு 212,000 டொலரும் எல்லையாக இருந்தன. கணக்கிற் கொள்ளப்படுவதோ இரண்டாண்டுக்கு முந்திய வருமானம். கணவனை இழந்தவள் தனியாளாகும்போது எல்லையும் பாதியாகிறது. வருமானம் பாதியாகக் குறையாவிடின், முன்பு இல்லாத கட்டணம் அவளைத் தேடி வரும். துணையின் மரணத்தாலோ பணியிலிருந்து இளைப்பாறியதாலோ வருமானம் குறைந்திருப்பின், மறுபரிசீலனை கோர வழியுண்டு. கேளாதவர்க்கு அது தானாகக் கிடைப்பதில்லை.

இவற்றைக்கொண்டு மருந்துக் காப்புறுதியே வேண்டாவென்று முடிவுகட்டுதல் தவறு. 2022இல் இயற்றப்பட்ட சட்டத்தால், காப்புறுதியில் அடங்கிய மருந்துக்கு முதியவர் தம் கைப்பணத்தாற் செலவிடவேண்டிய தொகை 2025இல் ஆண்டுக்கு 2,000 டொலருக்கு மேற்படாமல் வரையறுக்கப்பட்டது. ஏழைகளுக்குக் கட்டணத்திலும் மருந்து விலையிலும் அரசின் தனியுதவி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் இடமுண்டு.

ஆனால், இவ்வழிகளெல்லாம் பத்திரங்களை வாசித்துக் கணக்குப் பார்க்க வல்லவர்க்கே பயன்படுகின்றன. கண் மங்கி, கை நடுங்கும் வயதில், அந்த வல்லமையை ஒருவரிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்? முதுமைக்கு ஊதியம் வகுக்கும் எந்த அரசும், கொடுத்த தொகையைக் கூறுவதோடு நில்லாது, மருந்து வாங்கிய பின் முதியவர் கையில் எஞ்சியது எவ்வளவு என்றும் கேட்டறிதல் வேண்டும். லட்லோ மூதாட்டியின் காசோலையில் அக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. இன்றைய காசோலைகளில் அதுவே முதற் கேள்வி.